போர்டில் உள்ளபடி

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் புகை. காலையில் ஜன்னலைத் திறந்ததுதான் தாமதம், வேப்பஞ்சருகுப் புகை விருந்தாளி மாதிரி உள்ளே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. இவருக்கு இழுப்பு. இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தும் பத்து மணிவரை நெஞ்சு கீச்சுக் கீச்சென்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் நின்று கத்தினேன்.

"ஏட்டி முப்பிடாதி! அந்தத் தீயை அணைக்கியா, இல்ல நான் வரட்டா?"

"இந்தா அணைச்சிட்டேங்கா. ரெண்டு குவியல்தான். காத்து திரும்பிட்டு" என்றாள் அவள். காற்று எப்போதும் என் வீட்டுப் பக்கமே திரும்புவது என்ன கூத்தோ.

எங்கள் நகரில் நான்கு தெரு, ஒரு பூங்கா. நான்கையும் பெருக்குகிறவள் முப்பிடாதி ஒருத்திதான். பெருக்குவது, கூட்டி வைப்பது, தீக்குச்சியைக் கிழிப்பது, இதுதான் பதினோரு வருடமாக அவள் முறை. இந்த மாதம் முழுக்க வேம்பும் வாதாமும் கொட்டித் தீர்க்கும். அதுவரை இவர் மூச்சு தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

என் பத்திரக் கடையில் இன்று இரண்டு கிரயப் பத்திரம், ஒரு தானப் பத்திரம். மாலை வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். முற்றல்.

பிப்ரவரி 5, புதன்

சாமி கண் திறந்துவிட்டார். நகராட்சியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. குப்பை எரிக்கத் தடை. ஒவ்வொரு நகரிலும் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டுமாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான்தானே, என் கைக்குத்தான் வந்தது.

விஷயம் நல்ல விஷயம். எழுதியிருக்கிற லட்சணத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"காய்ந்த இலை, சருகு, தோட்டக் கழிவு உள்பட எந்தக் குப்பையையும் எந்த இடத்திலும் எரிக்கவே கூடாது. அவற்றைக் குழி வெட்டி அதில் போட்டு மக்க வைக்க வேண்டும்."

எந்த, எந்த என்று இரண்டு 'எந்த'. போதாததற்கு 'எரிக்கவே'யில் ஒரு ஏகாரம். சந்தைக்கடையில் கூவுகிற மாதிரி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவள் நான். சண்பகவல்லி எழுதின பத்திரத்தில் ஓட்டை இருக்கிறது என்று எந்த வக்கீலும் இதுவரை வாய் திறந்ததில்லை. இதையா என் பெயருக்கு மேலே எழுதி வைப்பது?

மூன்று தடவை அடித்துத் திருத்தி இப்படி வந்தது:

"திறந்தவெளியில் சருகு, குப்பை எரிக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, செயலாளர்."

சுருக்கம், தெளிவு, கம்பீரம். குழி விஷயத்தை எடுத்துவிட்டேன். குழியை எங்கே வெட்டுவது என்று சங்கம் முதலில் முடிவு செய்யட்டும். முடிவாகாததைப் பலகையில் எழுதக் கூடாது.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். "குழியைக் காணோமே" என்றார். சாப்பிடுகிறவரைச் சாப்பிடச் சொன்னேன்.

பிப்ரவரி 8, சனி

பெயின்டர் வந்து எழுதிவிட்டுப் போனார். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, பூங்கா வாசலில், நாலு தெருவிலிருந்தும் பார்த்தால் தெரிகிற இடம். 'செயலாளர்' என்பதை மட்டும் சிவப்பில் போடச் சொன்னேன்.

முப்பிடாதி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள். "நான் வாசிக்கட்டாக்கா?" என்றாள். இவளுக்கு வாசிக்க வரும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். சின்ன வயதில் அறிவொளி இயக்கத்தில் படித்தாளாம். விரலை ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக நீட்டி, "தி... ற... ந்... திறந்த... வெ... ளி... திறந்தவெளி... யில்" என்று கூட்டி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது. முடித்ததும் முகத்தைப் பார்க்கணுமே, பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி ஒரு சிரிப்பு.

"ஒரு எழுத்து தப்பில்லாம வாசிச்சிட்டேம்லா?"

"வாசிச்சா மட்டும் போதாது. அதும்படி நடக்கணும்" என்றேன்.

"நடக்காம? நீங்க எழுதுனதாச்சே."

பெயின்ட் காயுமுன் ஒரு காக்கை எச்சமிட்டுவிட்டது. துடைத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

சங்கக் கூட்டம். தலைவர் தனுஷ்கோடி ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு வர எட்டு மணி ஆயிற்று. குழிக்கு இடம் தேடியதில் பூங்காவின் வடகிழக்கு மூலைதான் தோது என்றார்கள். வடகிழக்கு மூலை என்றால் என் வீட்டுக் கொல்லைச் சுவர். கொசு வரும், பூரான் வரும், மழைக்காலத்தில் நாற்றம் வரும் என்று எடுத்துச் சொன்னேன். சுவாசக் கோளாறு உள்ளவர் வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குழி தேவையா என்றும் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

நியாயமாகப் பேசினால் நாலு பேர் ஒத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

பத்து நாளாகப் புகை இல்லை. இவர் ராத்திரி முழுக்கத் தூங்குகிறார். நேற்று பூங்காவில் மூன்று சுற்று நடந்தாராம். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பருப்பு வடை சுட்டேன்.

ஆனால் சருகு ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. நாலு குவியல். தனுஷ்கோடி போன் செய்தார். "மேடம், ரெண்டாம் தேதி எம் மக நிச்சயதார்த்தம், பார்க்லதான் பந்தல். நூறு பேரு வாராவ. இந்தக் குப்பைக்குள்ள பாம்பு கீம்பு கெடந்தா என் மானம் போயிரும்."

முப்பிடாதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் தலையைச் சொறிந்தாள்.

"எரிக்கக் கூடாதுங்கீக. குழியும் இல்ல. பெறகு நான் இத எங்கனக்கா கொண்டு போக?"

கடைக்கு நேரமாகிவிட்டது, பத்து மணிக்குப் பதிவு. "எல்லாத்துக்கும் என்னயவே கேட்டா? போர்டுல எழுதியிருக்குல்லா? உனக்குத்தான் வாசிக்க வருமே. எழுத்துல என்ன இருக்கோ அதுதான் சட்டம். வாய்ப்பேச்சு செல்லாது" என்றேன்.

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தபடியே நின்றாள். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முப்பிடாதி வந்து பழைய மோட்டார் ரூம் சாவி கேட்டாள். புது போர்வெல் போட்டதிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடக்கிறது. எதற்கென்று நான் கேட்கவில்லை; துடைப்பம், கூடையெல்லாம் வைக்கத்தான் இருக்கும். கொடுத்தேன். ஆணியில் ஒரு சாவி குறைந்தால் நமக்கும் நல்லதுதான்.

கேஸ் தீர்ந்துவிட்டது. பதிவு செய்தாயிற்று.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் லேசாகப் புகை வாடை. வெளியே போய் நாலு பக்கமும் பார்த்தேன். எங்கேயும் தீ இல்லை. பக்கத்து மனைப்பிரிவுக்காரர்களாக இருக்கும். அவர்களுக்கு யார் எழுதிக் கொடுக்கிறது!

பிப்ரவரி 26, புதன்

நாலு குவியலில் இரண்டரை காணாமல் போய்விட்டது. முப்பிடாதி கெட்டிக்காரிதான். எங்கே கொண்டுபோகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வேலை நம் தலையில் வந்து விழும்.

கண் மட்டும் அவளுக்குச் சிவந்திருந்தது. இருமினாள். "சளியா?" என்றேன். "ஆமாக்கா, சளிதான். போர்டுல உள்ளபடியே எல்லாம் நடக்கு, நீங்க கவலப்படாதீக" என்றாள். சுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலங்கெட்ட மழை. ஒரு மணி நேரம் ஊற்றித் தள்ளிவிட்டது. மிச்சச் சருகெல்லாம் ஊறிக் கிடக்கிறது. பந்தல்காரர்கள் நாளை மதியம் வருகிறார்கள். தனுஷ்கோடிக்கு உயிர் போகிற அவசரம். முப்பிடாதியிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லும்படி ஆயிற்று. "நாளைக்கு மத்தியானம் ஒத்தச் சருகு கெடக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஈரமா இருக்கேக்கா."

"அது உன் பாடு."

மார்ச் 1, சனி

எழுத்து எப்படி வருகிறதோ வரட்டும்.

காலை ஒன்பது மணி. இவர் நடக்கப் போயிருந்தார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "சம்பகம்! சம்பகம்!" என்று ஒரு சத்தம். முப்பத்திரண்டு வருடத்தில் இவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கரண்டியோடு ஓடினேன்.

மோட்டார் ரூம் கதவு திறந்து கிடந்தது. உள்ளிருந்து வெள்ளைப் புகை கட்டி கட்டியாக வந்தது. இவர் வாசலில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் ஒரு காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பச்சைச் சேலை. முப்பிடாதி.

நானும் பிடித்து இழுத்தேன். அப்படிக் கனப்பாள் என்று நினைக்கவில்லை. அவள் முகத்தின் நிறமே மாறியிருந்தது. உதடு சிவந்து, வெற்றிலை போட்டவள் மாதிரி இருந்தாள். கூப்பிட்டேன், அடித்தேன், தண்ணீர் தெளித்தேன். கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் எப்போதோ ஒரு தடவை வந்தது.

உள்ளே தார் டின் ஒன்றில் ஈரச்சருகு கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் சுவரோரம் சாக்கு சாக்காகச் சாம்பல், வாய் கட்டி அடுக்கி வைத்திருந்தது. துடைப்பம் ஒன்றுகூட அங்கே இல்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே ஒரு சாண் துவாரம்தான். அதையும் கோணிச் சாக்கால் அடைத்திருந்தாள்.

இவர் சொன்னார்: கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அடியிலிருந்து புகை கசிவதைப் பார்த்து மிதித்துத் திறந்தாராம். இழுப்புக்காரர், அந்தப் புகைக்குள் போயிருக்கிறார். அவரையும் சேர்த்துத்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இவரை மாலையில் அனுப்பிவிட்டார்கள். அவளைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உள்ளே நின்று ஏன் தாழ் போட்டாள்? சாகத்தான் போனாளா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐயோ, அந்த உதடு.

தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபடியே ஓடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து அணைத்திருக்கிறாள்.

மார்ச் 2, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நடந்தது. மோட்டார் ரூம் தெரியாதபடி துணி கட்டி மறைத்திருந்தார்கள். நூற்று இருபது பேர் சாப்பிட்டார்கள். நான் போனேன். போகாமல் இருந்தால் பேச்சு வரும்.

மாலையில் தனுஷ்கோடி வந்தார். பட்டு வேட்டியைக்கூட மாற்றவில்லை. "மேடம், எஸ்.ஐ. எழுத்துல ஒரு லெட்டர் கேக்காரு. அந்தப் பொம்பள தானா உள்ள போச்சு, தானா தீ வச்சுது. சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு ஓட்டை இல்லாம எழுதிக் குடுங்க. உங்கள விட்டா ஆரு இருக்கா?"

எழுதினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "மேற்படி முப்பிடாதி, சங்கத்தின் தடை அறிவிப்பை அறிந்தே மீறி, சங்கத்துக்குச் சொந்தமான அறைக்குள் அனுமதியின்றி நுழைந்து, உள்தாழிட்டுக்கொண்டு..." கடகடவென்று வந்தது. தனுஷ்கோடி படித்துவிட்டு, "அந்த 'அறிந்தே'தான் மேடம் வைரம்" என்றார்.

வேறு ஆளையும் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். அவள் பிழைத்து வந்தாலும் வேலை இல்லை, கேஸ்தான் இருக்கும் என்றார். நான் லெட்டரை மடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

பாயசம் கொடுத்துவிட்டார்கள். இவர் தொடவில்லை. நான் குடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

கண் விழித்துவிட்டாளாம். அப்பாடா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மார்ச் 6, வியாழன்

இவர் பிடித்த பிடியில் பாளையங்கோட்டைக்குப் போனோம். "நீ வராட்டா நான் மட்டும் போறேன்" என்றுவிட்டார்.

முப்பிடாதி கட்டிலில் ஒரு பக்கமாகக் கிடந்தாள். மூக்கில் குழாய். புருஷன் சுடலைமுத்து, லோடு இறக்குகிற ஆள், கட்டிலடியில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இவரைப் பார்த்துக் கும்பிட்டார். "அய்யா, நீங்க இல்லன்னா..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தாளே, பாவி. குரல் கரகரத்தது.

"அக்கா, ஒத்தச் சருகு கெடக்கலல்லா?"

நான் கேட்டே விட்டேன். "ஏட்டி, உள்ள போயி எதுக்குட்டி எரிச்ச? உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"நீங்கதானக்கா போர்டுல உள்ளபடி செய்யச் சொன்னீக? திறந்தவெளியில எரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் ஒருதடவைக்கு மூணு தடவ வாசிச்சேன். அப்பம் மூடுன எடத்துல எரிக்கலாம்னுதான அர்த்தம்? ஊர்ல மூடுன எடம் மோட்டார் ரூமு ஒண்ணுதான். அதாங்கா சாவி கேட்டேன்."

"தாழ்ப்பாள்?" என்றார் இவர்.

"கதவத் தொறந்து வச்சா அதுவும் திறந்தவெளி ஆயிரும்லா அய்யா. மேல ஓட்டை வேற இருந்துது, அதுல சாக்கு வச்சேன். உள்ள நின்னு கிண்டிக் குடுக்காட்டா தீ அமந்துரும். மத்த நாளு காஞ்ச சருகு, படக்குனு எரிஞ்சிரும், நானும் படக்குனு வெளிய வந்துருவேன். அன்னைக்கு ஈரம். கிண்டிக்கிட்டே நின்னேன். பெறகு தூக்கம் வந்த மாதிரி இருந்துது."

கட்டில் கம்பியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருடம். எத்தனை ஆயிரம் பத்திரம். ஒரே வரியில் இவ்வளவு பெரிய ஓட்டை, அதற்குள் ஒரு மனுஷி போய்த் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வராந்தாவில் சுடலைமுத்து தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாம் நெனவு இருக்குங்கம்மா. எழுத்து மட்டும் வர மாட்டேங்கு. நேத்து மருந்துச் சீட்டக் குடுத்தேன், திருப்பித் திருப்பிப் பாக்கா. எறும்பு ஓடுத மாதிரி இருக்குங்கா. பொகை மூளையில அந்த எடத்தத் தொட்டிருக்காம். திரும்பி வந்தாலும் வரலாம், வராமயும் போவலாம்னு டாக்டரு சொல்லுதாரு."

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இவர் எனக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

மார்ச் 7, வெள்ளி

கடைக்குப் போகவில்லை.

மார்ச் 8, சனி

இந்த டைரியை முதலிலிருந்து வாசித்தேன்.

ஐந்தாம் தேதிப் பக்கத்தில் நகராட்சி எழுதினது அப்படியே இருக்கிறது. எந்தக் குப்பையையும், எந்த இடத்திலும், எரிக்கவே கூடாது. இரண்டு எந்த, ஒரு ஏகாரம். யாரோ விவரம் தெரிந்த ஆள்தான் எழுதியிருக்கிறார். ஒருத்தரும் எந்தச் சந்தில் புகுந்தும் சாகக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அழகாக இல்லை என்று நான் அடித்தேன். குழி என் கொல்லைக்கு வரும் என்று தெரிந்து அதையும் எடுத்தேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்திருக்கிறேன். தேதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

பதினேழாம் தேதி, வாய்ப்பேச்சு செல்லாது. இருபதாம் தேதி, சாவி கொடுத்தேன். அதே கையால் இரண்டாம் தேதி 'அனுமதியின்றி நுழைந்து' என்றும் எழுதியிருக்கிறேன்.

ஐந்து தாள். கிழித்தால் தீர்ந்தது. இதை மறைக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன்: தாளை விரலில் பிடித்துவிட்டேன். இவர் எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்த ரூமுக்குள்ள போனப்ப எனக்கு மூச்சு முட்டல சம்பகம்" என்றார். "இப்பத்தான் முட்டுது."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். தாளை விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தனுஷ்கோடி வீட்டுக்குப் போனேன். லெட்டரைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது.

"மேடம், உங்களுக்குச் சித்தம் கித்தம் கலங்கிட்டா? குடுத்த லெட்டர எப்பிடி வாங்குவீக? இப்பம் கேஸு அந்தப் பொம்பள மேல இருக்கு. நீங்க ஒண்ண எழுதுனீகன்னா உங்க மேல வரும். லைசென்ஸு போயிரும். அவளுக்கு என்ன, வாசிக்கவே வராதாம். எந்த போர்ட வாசிச்சான்னு கேட்டா அவளால நிரூபிக்க முடியுமா?"

அவள் எழுத்து போனது தனுஷ்கோடிக்கு வசதியாக இருக்கிறது. அதைவிட அதிர்ச்சி, நேற்றுக் காலை இதே கணக்கு என் மனதிலும் ஒரு ஓரத்தில் ஓடியதுதான். அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் ஏது?

"அவ வாசிச்சா. நான் பக்கத்துல காபி குடிச்சிட்டு நின்னேன். போன மாசம் எட்டாம் தேதியே டைரியில எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் பலகையைப் பார்த்தேன். சிவப்பில் 'செயலாளர்'. காக்கை மறுபடியும் எச்சமிட்டிருந்தது. இந்தத் தடவை துடைக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

எங்கள் தொழிலில் பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. எல்லை தவறினாலும் பெயர் தவறினாலும், இன்ன தேதியில் இன்னபடி எழுதப்பட்டது தவறு, இனி இன்னபடி வாசித்துக்கொள்ள வேண்டியது என்று எழுதிப் பதிவு செய்வோம். மற்றவர்கள் எழுதின பத்திரத்துக்கு நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எனக்கு நானே எழுதுவது இதுதான் முதல் தடவை.

காலையில் உட்கார்ந்தவள் நாலு மணிக்கு எழுந்தேன். இரண்டு பக்கம்.

மார்ச் 12, புதன்

பெயின்டர் வந்து பலகையை மாற்றி எழுதினார். நகராட்சி எழுதினது ஒரு எழுத்து விடாமல் அப்படியே. "ரெண்டு எந்த வருதே மேடம், ஒண்ண எடுத்துரட்டா?" என்றார். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். குழிக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்; வடகிழக்கு மூலையில் காலையிலிருந்து இரண்டு பேர் வெட்டுகிறார்கள். என் கொல்லைச் சுவரில் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எஸ்.ஐ.யிடம் நேற்றே போனில் பேசிவிட்டேன். நாளை காலை பிழைதிருத்தலைக் கொடுக்க வேண்டும், ஆதாரமாக இந்த டைரியையும். அதனால் இதுதான் இதில் கடைசிப் பக்கம். எஸ்.ஐ. அய்யா, நீங்கள் பார்க்க வேண்டிய பக்கங்களின் முனையை மடித்து வைத்திருக்கிறேன். கேஸ் சிலிண்டரும் முருங்கைக்காயும் உங்களுக்குத் தேவைப்படாது. ஆனாலும் கிழிக்கவில்லை.

முப்பிடாதி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று மாலையே எழுதினதை எடுத்துக்கொண்டு போனேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரத்தை வாசித்துக் காட்டித்தான் ரேகை வாங்குவோம். அவளைப் பற்றியது, அவள் கேட்காமல் போகக் கூடாது.

வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுடலைமுத்து எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் பாயிலேயே உட்கார்ந்தேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்னய மன்னிச்சிருத்தா."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, எதுக்குக்கா? நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

"நீ சரியாத்தான் வெளங்கிக்கிட்ட. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அழுகை வந்தது. அடக்கவில்லை.

பிறகு வாசித்தேன். இரண்டு பக்கத்தையும் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்து மைப்பெட்டியைத் திறந்தேன். அவள் பெருவிரலை நீட்டவில்லை.

"அக்கா, கோவிச்சிக்கிடாதீக. இதுக்கும் வேற அர்த்தம் எதுவும் வந்துராதுல்லா?"

இருபத்தாறு வருடத்தில் என்னிடம் ஒருத்தரும் கேட்காத கேள்வி. வராது என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியலத்தா. நீ கேட்டுச் சொல்லு" என்று முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன்.

இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு கேட்டாள். முதல் பக்கத்துப் பாதியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இத இன்னொருக்க வாசிங்க."

"'மோட்டார் அறையின் சாவி முப்பிடாதியிடம் முறைப்படி வழங்கப்பட்டிருந்தது.'"

"வழங்கப்பட்டிருந்ததுன்னா? ஆரு வழங்குனா? பேரக் காணோமேக்கா."

நான் குனிந்து அந்த வரியை அடித்தேன். மேலே, அவளுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: சாவியை நான் கொடுத்தேன்.

"இப்பம் சரி" என்று பெருவிரலை நீட்டினாள்.

"இரு, இன்னும் ஒன்றரைப் பக்கம் கெடக்கு" என்று மிச்சத்தை வாசித்தேன். இன்னும் மூன்று இடத்தில் நிறுத்தினாள். மூன்றிலும் என் பெயர்தான் இல்லாமல் இருந்தது.